அறிக்கையில் கணக்கு உதைக்கிறதா? அட்டவணை உறவுகளில் பிழை தேடும் வழிமுறை

சிங்கப்பூரில் வார இறுதித் தமிழ் வகுப்பும் துணைப்பாட நிலையமும் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஓர் எக்செல் கோப்பில்தான் தொடங்குகிறார்கள். மாணவர் எண்ணிக்கை கூடியதும் கணினி தெரிந்த தொண்டூழியர் ஒருவர் அதை டேட்டாபேஸாக மாற்றித் தருகிறார். சில காலம் நன்றாக ஓடும். பிறகு கட்டண அறிக்கை ஒரு தொகை சொல்லும், வங்கிக் கணக்கு வேறொரு தொகை சொல்லும். அந்த நேரத்தில் கையில் எடுக்க வேண்டிய வழிமுறை இது. எடுத்துக்காட்டு முழுவதும் அப்படி ஒரு நிலையம்தான்: மாணவர், பாதுகாவலர், வகுப்பு, ஆசிரியர், கட்டணம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

போவதற்கு முன் ஒன்று. அறிக்கை தவறினால் எல்லோரும் குவரியை, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையைத்தான் திருத்துகிறார்கள். பிழை அங்கே இருப்பது குறைவு. இரண்டு பொருள்களுக்கு நடுவே என்ன உறவு என்று வடிவமைத்த நாளில் கேட்காமல் விட்ட கேள்வியில்தான் அது இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று. இந்தப் பக்கம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எத்தனை? ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாமா? நாளடைவில் இந்த உறவு மாறுமா? மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி அதிலிருந்து பிறந்தவை.

எதைத் தொடுவதானாலும் முதலில் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் சோதியுங்கள்.

அறிகுறி: கட்டண மொத்தம் வங்கியில் வந்ததைவிட அதிகமாகக் காட்டுகிறது

ஒரே ஒரு மாணவரை எடுத்து வரிசை வரிசையாகப் பாருங்கள். மாணவர் எண் 17 என்று வைத்துக்கொள்வோம். பாதுகாவலர் அட்டவணையில் அவருக்கு இரண்டு வரிசை: தாய், தந்தை. கட்டண அட்டவணையில் மூன்று வரிசை: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குத் தலா 180 வெள்ளி. மாணவர் அட்டவணையோடு சேர்த்து மூன்றையும் ஒரே குவரியில் ஜாயின் செய்தால், அதாவது மாணவர் எண் வழியே இணைத்தால், கிடைப்பது இது:

தாய், ஜனவரி, 180
தாய், பிப்ரவரி, 180
தாய், மார்ச், 180
தந்தை, ஜனவரி, 180
தந்தை, பிப்ரவரி, 180
தந்தை, மார்ச், 180

கூட்டினால் 1,080 வெள்ளி. வங்கிக்கு வந்தது 540. பாதுகாவலருக்கும் கட்டணத்துக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இரண்டும் மாணவரிடமிருந்து தனித்தனியே பிரிந்து போகும் கிளைகள். அவற்றை ஒரே குவரியில் சேர்த்தால் ஒரு கிளையின் ஒவ்வொரு வரிசையும் மறு கிளையின் ஒவ்வொரு வரிசையோடும் ஒட்டிக்கொள்ளும். ஒரே பாதுகாவலர் உள்ள மாணவருக்குத் தொகை சரியாக இருக்கும் என்பதால், சிலருக்கு மட்டும் தவறு வருகிறதே என்று குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே பலரும் செய்வது, கூட்டலுக்குள் ஒரு டிஸ்டிங்க்ட் சேர்ப்பது. அது இன்னும் மோசம். சம் டிஸ்டிங்க்ட் வெவ்வேறு மதிப்புகளை மட்டுமே கூட்டும். மூன்று கட்டணமும் 180 என்பதால் விடை 180 ஆகிவிடும். மார்ச் கட்டணம் 200 ஆக இருந்திருந்தால் 380 வரும். உண்மைத் தொகை எதுவோ அது எப்படியும் வராது.

எந்த ஜாயினில் பெருகுகிறது என்று கண்டுபிடிக்க, மாணவர் அட்டவணையை மட்டும் எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு அட்டவணையாகச் சேர்த்துச் சேர்த்து எண்ணுங்கள். எண்ணிக்கை சட்டென்று ஏறும் இடம்தான் குற்றவாளி. குவரி அளவில் தீர்வு எளிது: கட்டணத்தையும் பாதுகாவலரையும் முதலில் மாணவர் எண் வாரியாகத் தனித்தனித் துணைக் குவரிகளில் சுருக்கிக்கொண்டு, இரண்டிலும் ஒரு மாணவருக்கு ஒரு வரிசை ஆன பிறகு ஜாயின் செய்யுங்கள்.

அதோடு நிறுத்திவிடாமல் இன்னொன்றையும் கேளுங்கள். கட்டண அறிக்கையில் பாதுகாவலர் பெயர் எதற்கு? பணம் கட்டியவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே? அப்படியானால் உங்களுக்கு வேண்டியது மாணவரின் எல்லாப் பாதுகாவலரும் அல்ல, அந்தக் கட்டணத்தைச் செலுத்தியவர். அது வேறு உறவு. கட்டண அட்டவணையிலேயே செலுத்தியவர் எண்ணுக்கு ஒரு புலம் (அட்டவணையின் ஒரு பத்தி) வையுங்கள். பேநவ் மின்பணமாற்றில் தாத்தா அனுப்பிய பணமும் அப்போது அதற்குரிய இடத்தில் நிற்கும்.

அறிகுறி: வகுப்பு 1 என்று தேடினால் 11, 12 எல்லாம் வருகின்றன

மாணவர் அட்டவணையில் "வகுப்புகள்" என்று ஒரு புலம், அதற்குள் 1, 4, 12 என்று காற்புள்ளி போட்ட பட்டியல். எக்செல்லிலிருந்து வந்த டேட்டாபேஸ் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். தேடல் சரியாக வராது, எண்ணிக்கை எடுக்க முடியாது, இல்லாத வகுப்பின் எண்ணை யாராவது தட்டிவிட்டாலும் டேட்டாபேஸுக்குத் தெரியாது. தொலைபேசி 1, தொலைபேசி 2, தொலைபேசி 3 என்று புலங்களை அடுக்குவதும் இதே நோய்தான். நான்காவது எண் வரும் நாளில் அட்டவணையையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு மாணவர் பல வகுப்புகளில் இருப்பார், ஒரு வகுப்பில் பல மாணவர் இருப்பார். பலவுக்குப் பல என்ற இந்த உறவை இரண்டு அட்டவணைகளில் வைக்கவே முடியாது. நடுவில் மூன்றாவது வேண்டும். மாணவர் எண், வகுப்பு எண் ஆகிய இரண்டையும் தாங்கும் இணைப்பு அட்டவணை அது. அதற்கு "மாணவர்_வகுப்பு" என்று பெயர் வைக்காமல் "சேர்க்கை" என்று வையுங்கள் என்பேன். பெயர் சரியாக விழுந்தால் அடுத்து என்னென்ன புலங்கள் வேண்டும் என்று தானாகத் தெரியும்: சேர்ந்த நாள், விலகிய நாள், ஒப்புக்கொண்ட கட்டணம். இவை மாணவரைப் பற்றிய தகவலும் அல்ல, வகுப்பைப் பற்றியதும் அல்ல. இருவரும் சேர்ந்ததைப் பற்றியவை. கணினி அறிஞர் பீட்டர் சென் 1976-இல் பொருள்-உறவு மாதிரியமைப்பு முறையை முன்வைத்தபோதே, உறவுக்கும் தனக்கென்று பண்புகள் இருக்கலாம் என்று காட்டியிருந்தார்.

ஒரே மாணவர் ஒரே வகுப்பில் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்று மாணவர் எண், வகுப்பு எண் இரண்டையும் சேர்த்து பிரைமரி கீ (வரிசையின் தனித்த அடையாளம்) ஆக்கிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஜூன் விடுமுறைக்கு முன் விலகி, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கும்போது மூன்றாம் தவணையில் அதே வகுப்புக்குத் திரும்பி வரும் பிள்ளைகள் உண்டு. அந்த நாளில் டேட்டாபேஸ் புதுப் பதிவை ஏற்காது. அலுவலகத்தில் இருப்பவர் பழைய வரிசையின் விலகிய நாளை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். இடையில் அந்தப் பிள்ளை வராத வாரங்களுக்கும் கட்டணம் நிலுவை என்று காட்டும். ஆகவே சேர்க்கைக்குத் தனி எண் கொடுங்கள். விலகிய நாள் வெறுமையாக உள்ள வரிசைகளுக்கு மட்டும் யுனிக் (இரட்டிப்பு கூடாது என்னும்) கட்டுப்பாடு போடுங்கள். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள் இரண்டிலும் இப்படி நிபந்தனையோடு கூடிய யுனிக் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்பு) போட முடியும்.

காற்புள்ளிப் பட்டியலைப் பிரித்துப் புதிய அட்டவணைக்கு மாற்றும்போது பொருந்தாதவை கட்டாயம் மிஞ்சும். அவற்றை நிரல் தானாக ஊகித்துச் சேர்க்க விடாதீர்கள். ஆசிரியரிடம் வருகைப் பதிவேடு இருக்கும். அதை வைத்துக் கையால் சரிபாருங்கள்.

அறிகுறி: உடன்பிறப்புச் சலுகை யாருக்கோ போகிறது

இந்தச் சிக்கல் நம் ஊருக்கும் நம் பெயர் முறைக்கும் உரியது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி. யார் யார் உடன்பிறப்பு என்று எங்கும் பதியவில்லை. ஆகவே நிரல் எழுதியவர் தந்தை பெயரை வைத்துப் பொருத்தியிருப்பார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயர்தான். முருகன் என்ற தந்தையர் எத்தனை பேர்! அதே ஒரு முருகனை மூத்த பிள்ளையின் படிவத்தில் ஒரு விதமாகவும் இளையவரின் படிவத்தில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்நியருக்குச் சலுகை கிடைக்கும், உண்மையான அண்ணன் தங்கைக்குக் கிடைக்காது.

அடுத்த முயற்சி, அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துப் பொருத்துவது. சிங்கப்பூரில் 1995 முதல் இருக்கும் ஆறு இலக்கக் குறியீடு கட்டடத்தைச் சுட்டும், வீட்டை அல்ல. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே குறியீடு. பக்கத்து புளோக்குகளிலிருந்து மொத்தமாக மாணவர் வரும் நிலையத்தில் இது இன்னும் பிசகும். வீட்டு எண்ணையும் சேர்த்தால்? பிரிந்து வாழும் பெற்றோர் இருவர் வீட்டிலும் மாறி மாறித் தங்கும் பிள்ளைகளும், தாத்தா பாட்டி முகவரியில் பதிவான பிள்ளைகளும் அதில் விழுந்துவிடுவார்கள்.

எழுத்துகளை ஒப்பிட்டு உறவை ஊகிப்பதை இங்கே கைவிட வேண்டும். உறவு உண்மையில் இருக்கிறது, பதிவுதான் இல்லை. "குடும்பம்" என்று ஓர் அட்டவணை போடலாம் என்று முதலில் தோன்றும். நான் போட மாட்டேன். எது குடும்பம், ஒரு பிள்ளை எந்தக் குடும்பம் என்று முடிவுசெய்வது துணைப்பாட நிலையத்தின் வேலை இல்லை. நிலையத்துக்குத் தெரிய வேண்டியது, எந்தெந்த மாணவரின் கட்டணம் ஒரே கணக்கில் சேர்கிறது என்பது மட்டும். ஆகவே "கட்டணக் கணக்கு" என்று ஓர் அட்டவணை. ஒரு கணக்கில் பல மாணவர், ஒரு மாணவர் ஒரு கணக்கில். சலுகை விதி அந்தக் கணக்கில் எத்தனை பேர் என்று பார்க்கட்டும். பாதுகாவலர் உறவு அதிலிருந்து தனியாக, பலவுக்குப் பல என்று நிற்கட்டும். அழைத்துச் செல்ல அனுமதி உண்டா, அவசரத்துக்கு யாரை அழைப்பது போன்றவை அந்த இணைப்பு வரிசையில் இருக்க வேண்டியவை.

அறிகுறி: ஒரே மாணவர் இரண்டு பேராக இருக்கிறார்

அடையாள அட்டை எண்ணை மாணவர் அட்டவணையின் பிரைமரி கீ ஆக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைக்கு வெளிநாட்டவர் அடையாள எண் இருக்கும். நிரந்தரவாசி ஆனதும் வேறு எண். ஆள் அதே, கீ புதியது. பழைய சேர்க்கையும் கட்டணமும் பழைய எண்ணில் நிற்க, அலுவலகம் புது எண்ணில் இன்னொரு வரிசை திறந்துவிடும்.

நாளடைவில் மாறக்கூடிய எதையும் உறவுகளைத் தாங்கும் கீ ஆக்காதீர்கள். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அப்படித்தான். பொருளற்ற ஓர் எண்ணை டேட்டாபேஸே கொடுக்கட்டும்.

அடையாள அட்டை எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தமிழ் வகுப்பில் சேர அது தேவையில்லை. பிரைமரி கீ ஆக வைத்தால் ஒவ்வொரு இணைப்பு அட்டவணைக்கும் ஏற்றுமதிக் கோப்புக்கும் அது பரவிவிடும். பிறகு நீக்குவது பெரும்பாடு.

அறிகுறி: பட்டியலில் சிலரைக் காணவில்லை

மாணவர் அட்டவணையில் இருக்கிறார், அறிக்கையில் இல்லை. இன்னர் ஜாயின் என்றால், மறுபக்கம் இணை இல்லாதவர் விழுந்துவிடுவார். பெரியவர்களுக்கான பேச்சுத் தமிழ் வகுப்பில் சேர்ந்தவருக்குப் பாதுகாவலர் எதற்கு? "ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாமா" என்ற கேள்விக்கு இங்கே விடை ஆம். இணை இல்லாதவரையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயின் போடுங்கள்.

போட்டும் வரவில்லையென்றால் குவரியின் வேர் (WHERE) பகுதியைப் பாருங்கள். வலப்பக்க, அதாவது பின்னால் சேர்த்த, அட்டவணையின் புலத்துக்கு அங்கே ஒரு நிபந்தனை வைத்திருப்பீர்கள். இணை இல்லாதவருக்கு அந்தப் புலம் வெறுமை; வெறுமை எந்த ஒப்பீட்டிலும் தேறாது; லெஃப்ட் ஜாயின் சத்தமில்லாமல் இன்னர் ஜாயின் ஆகிவிடும். நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதிக்கு நகர்த்துங்கள்.

பாதுகாவலர் இல்லாத மாணவரைத் தேட நாட் இன் (NOT IN) எழுதி, விடை காலியாக வருகிறதா? உள்குவரியில் ஒரே ஒரு வெற்று மதிப்பு இருந்தாலும் நாட் இன் ஒன்றையும் தராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) என்று மாற்றி எழுதுங்கள்.

அறிகுறி: கட்டணத்தை உயர்த்தியதும் பழைய ரசீதுகளும் உயர்ந்துவிட்டன

ரசீது வரிசை வகுப்பை மட்டும் சுட்டுகிறது, தொகை வகுப்பு அட்டவணையில் இருக்கிறது. வகுப்பின் கட்டணத்தை மாற்றிய நொடியில் சென்ற ஆண்டு ரசீதும் மாறும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்ற பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதால் வரும் பிழை இது. "இப்போதைய கட்டணம்", "அன்று விதித்த கட்டணம்" இரண்டும் ஒரே தகவல் அல்ல. முதலாவது வகுப்புக்கு உரியது, இரண்டாவது ரசீதுக்கு உரியது. இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிலையமாக இருந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பொருள், சேவை வரி 2022 இறுதி வரை 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. வரிக்கு முன் 200 வெள்ளி உள்ள கட்டணம் 2022-இல் 214, 2023-இல் 216, 2024-இல் 218. விகிதத்தை அமைப்புகள் அட்டவணையில் ஒரே வரிசையாக வைத்திருந்தால் 2022 ரசீதை இன்று மறுபடி அச்சிடும்போது 218 என்று வரும். ரசீதின் ஒவ்வொரு வரிசையிலும் அன்றைய விகிதத்தையும் தொகையையும் எழுதிவிடுங்கள். விகிதங்களுக்குத் தனி அட்டவணை வேண்டுமென்றால், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற இரண்டு புலங்களோடு வையுங்கள். புது ரசீது போடும்போது அதிலிருந்து எடுத்து நகல் செய்யட்டும்.

வகுப்புக்கும் ஆசிரியருக்கும் உள்ள உறவும் இப்படித்தான். ஜூலையில் ஆசிரியர் மாறினால், மார்ச் மாதப் பாடத்தை யார் நடத்தியது என்று சம்பளக் கணக்குக்குத் தெரிய வேண்டும். வகுப்பில் ஒரே ஆசிரியர் புலம் போதாது; நாள் வரம்போடு ஒரு "பொறுப்பு" அட்டவணை வேண்டும்.

அறிகுறி: ஆசிரியர் ஒருவரை நீக்கினால் வகுப்பும் வருகைப் பதிவும் சேர்ந்தே போய்விட்டன

காரணம் ஆன் டிலீட் கேஸ்கேட்: தாய் வரிசையை நீக்கினால் அதைச் சுட்டும் வரிசைகளையும் சேர்த்தே நீக்கும் அமைப்பு. எதற்குப் போடலாம் என்பதற்கு என் அளவுகோல் இது: தாய் வரிசை இல்லாமல் தனக்கென்று இருப்பே இல்லாத பிள்ளை வரிசைக்கு மட்டும். மாணவரையும் பாதுகாவலரையும் இணைக்கும் வரிசைகள் அப்படிப்பட்டவை. ஆசிரியருக்கும் வகுப்புக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை; அங்கே நீக்கலைத் தடுக்கும் ரெஸ்டிரிக்ட் போடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் கேஸ்கேட் கூடவே கூடாது. வேலையை விட்டுப் போன ஆசிரியரின் வரிசையை நீக்க வேண்டாம், விலகிய நாளைப் பதிந்தால் போதும். போனதை மீட்க நகலைத் தவிர வழியில்லை.

அறிகுறி: வகுப்பைச் சேர்க்க மாணவர் வேண்டும், மாணவரைச் சேர்க்க வகுப்பு வேண்டும்

வகுப்புத் தலைவர் யார் என்று வகுப்பு அட்டவணையில் ஒரு கட்டாயப் புலம். ஒவ்வொரு மாணவருக்கும் முதன்மை வகுப்பு கட்டாயம். முதல் வரிசையை எங்குமே செருக முடியாது. ஒரு பக்கத்தை வெறுமையாக விட அனுமதியுங்கள். தலைவர் இல்லாத வகுப்பு முதல் நாளில் இயல்பானதுதானே? போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீயை (சுட்டப்படும் வரிசை உண்மையில் இருக்கிறதா என்று காக்கும் கட்டுப்பாடு) டிஃபரபிள் என்று அறிவித்துச் சோதனையைப் பரிவர்த்தனையின், அதாவது ஒன்றாக நடக்கும் மாற்றங்களின், முடிவுக்குத் தள்ளவும் முடியும். ஆனால் பெரும்பாலும் முதல் வழியே போதும்.

அறிகுறி: ஃபாரின் கீ இருக்கிறது, ஆனாலும் அநாதை வரிசைகள் சேர்கின்றன

இல்லாத மாணவரைச் சுட்டும் கட்டணங்கள். அறிவிப்பு இருக்கிறது, காவல் நடக்கவில்லை என்று பொருள். எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பில் அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும்போதும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையால் அதை இயக்க வேண்டும். ஒருமுறை இயக்கினால் கோப்பில் பதிந்துவிடாது. உங்கள் செயலி இயக்கியிருக்கும். யாரோ வேறொரு கருவியில் கோப்பைத் திறந்து வரிசையை நீக்கியிருப்பார்கள்.

மைஎஸ்கியூஎல் என்றால் அட்டவணையின் எஞ்சினை (தகவலைச் சேமிக்கும் உள்பகுதி) பாருங்கள். மைஐசாம் அட்டவணை ஃபாரின் கீ அறிவிப்பை முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாது. 5.5 பதிப்பு முதல் இன்னோடிபிதான் இயல்பு எஞ்சின், ஆனால் அதற்கு முன் பிறந்த அட்டவணைகள் அப்படியே இருக்கக்கூடும். 8 வரையிலான பதிப்புகளில், புலத்தின் பக்கத்திலேயே ரெஃபரன்சஸ் என்று எழுதியதும் கணக்கில் வராது. ஃபாரின் கீ என்று தனி வரியாக எழுத வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் காவல் உண்டு, ஆனால் சுட்டும் பக்கத்துப் புலத்துக்கு அது தானாக இண்டெக்ஸ் போடாது. இன்னோடிபி போடும். மாணவர் ஒருவரை நீக்க வெகுநேரம் பிடிக்கிறது என்றால், கட்டண அட்டவணை முழுவதையும் வரிசை வரிசையாகப் புரட்டுகிறது என்று கொள்ளலாம். மாணவர் எண் புலத்துக்கு ஓர் இண்டெக்ஸ் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் கட்டுப்பாட்டைச் சேர்க்கும் வரிசை இது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு அநாதைகளைப் பட்டியலிடுங்கள். எஸ்கியூலைட்டில் அதற்கென்றே ஃபாரின் கீ செக் என்ற பிராக்மா இருக்கிறது. அவற்றை நீக்காமல் தனி அட்டவணைக்கு மாற்றுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் யாரோ கட்டிய பணம். போஸ்ட்கிரெஸ் என்றால் அப்படி மாற்றவும் வேண்டாம்: கட்டுப்பாட்டை நாட் வேலிட் என்று சேர்த்தால் புது வரிசைகளுக்கு உடனே காவல் தொடங்கும், பழையவை அப்படியே இருக்கும். வங்கி அறிக்கையையும் ரசீதுப் புத்தகத்தையும் வைத்துப் பழையவற்றுக்கு உரியவரைக் கண்டுபிடித்து முடித்ததும் வேலிடேட் கான்ஸ்டிரெயின்ட் கட்டளையை இயக்குங்கள். அது பிழை சொன்னால் இன்னும் உரியவர் தெரியாத வரிசை மிஞ்சியிருக்கிறது. மறுபடி பட்டியலிட்டுத் தேடுங்கள்.